வெஸ்பா, சேத்தக் வகை ஸ்கூட்டர்கள்: வைத்திருப்பதன் நிறைகுறைகள்

இரும்புத் தகட்டாலான வளைந்த உடல், கால்களை மறைக்கும் அகன்ற முன்தகடு, இடக்கைப் பிடியைத் திருகி மாற்றும் கியர், பின்புறம் இருபக்கமும் புடைத்து நிற்கும் மூடிகள். பழைய பாணி ஸ்கூட்டர் என்றதும் இந்தியாவில் பலருக்கும் நினைவில் எழும் உருவம் இதுதான். இத்தாலியின் வெஸ்பா, அதன் வழியில் வந்த பஜாஜ் 150, பஜாஜ் சேத்தக், எல்.எம்.எல். வெஸ்பா ஆகியவை ஒரு குடும்பம். லாம்ப்ரெட்டாவும் அதன் வழிவந்த விஜய் சூப்பரும் மற்றொரு குடும்பம்.

இன்று இவற்றை நாடுவோர் இருவகையினர். பழைய வண்டியை வாங்கிச் சீர்செய்து ஓட்ட விரும்புவோர் ஒருவகை. பழைய தோற்றத்தில் வரும் புதிய வண்டியை வாங்குவோர் இன்னொரு வகை. இரண்டின் நன்மை தீமைகளும் வெவ்வேறு. இக்கட்டுரை பெரும்பாலும் முதல் வகையை, அதாவது சேத்தக் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் கியர் ஸ்கூட்டர்களைப் பற்றியது. புதியவை பற்றிப் பின்பகுதியில் சுருக்கமாகப் பார்க்கலாம்.

வடிவத்தின் காரணம்

இந்த ஸ்கூட்டர்களின் வளைவுகள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் பொன்தெதேரா நகரில் இருந்த பியாஜியோ விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சில் சிதைந்தது. போருக்குப் பின் மக்களுக்குத் தேவைப்பட்டது மலிவான வாகனம். அதை வடிவமைக்கும் பொறுப்பை என்ரிகோ பியாஜியோ, கொர்ராதினோ தஸ்கானியோ என்ற விமானப் பொறியாளரிடம் ஒப்படைத்தார். தஸ்கானியோ அதற்கு முன் ஹெலிகாப்டர் செய்தவர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காத ஒன்று. சங்கிலியின் எண்ணெய் உடையில் படுகிறது, டயர் பஞ்சரானால் கழற்றுவது பெரும்பாடு, ஏறி அமரக் காலைத் தூக்கிப் போடவேண்டியிருக்கிறது என்பவை அவருடைய குறைகள்.

1946இல் வெளிவந்த 98 சிசி வெஸ்பா இக்குறைகளுக்கெல்லாம் பதிலாக அமைந்தது. சங்கிலியே இல்லை. எஞ்சின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் அமர்ந்து, கியர்பெட்டி வழியாக நேரே சக்கரத்தைச் சுழற்றியது. விமானத்தின் தரையிறங்கு சக்கரம் போல முன்சக்கரத்தை ஒரே பக்கத்துத் தண்டு தாங்கியது. கியரைக் கையில் வைத்ததால் காலணி தப்பியது. குழாய்ச் சட்டகத்துக்குப் பதிலாக, அழுத்தி வளைத்த இரும்புத் தகடுகளே ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு வண்டியின் எலும்பாகவும் தோலாகவும் அமைந்தன. ‘வெஸ்பா’ என்றால் இத்தாலிய மொழியில் குளவி. அதன் பருத்த பின்புறமும் ஒடுங்கிய நடுப்பகுதியும் அப்பெயருக்குப் பொருத்தம்தான்.

இன்னொசெந்தி நிறுவனம் 1947இல் மிலானில் கொண்டுவந்த லாம்ப்ரெட்டாவின் அமைப்பு வேறு. அதில் குழாய்ச் சட்டகம் உண்டு. எஞ்சின் நடுவில் இருக்கும். வெஸ்பா குடும்பத்துக்கு மேலே சொன்ன முடிவுகளே அடித்தளம். பின்னால் சொல்லப்போகும் வசதிகளும் தொல்லைகளும் பெரும்பாலும் இதே முடிவுகளிலிருந்து கிளைத்தவை என்பதைப் படிப்பவர்கள் கவனிக்கலாம்.

இந்தியாவுக்கு வந்த கதை

1960களின் தொடக்கத்தில் பியாஜியோவின் உரிமத்தோடு பஜாஜ் நிறுவனம் இந்தியாவில் வெஸ்பா ஸ்கூட்டர்களைத் தயாரித்தது. 1971இல் உரிமம் முடிந்தது. அடுத்த ஆண்டே அதே அமைப்பில், ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் தாங்கி, சேத்தக் வந்தது. உற்பத்தி அளவை அரசே கட்டுப்படுத்திய காலம் அது. பதிவுசெய்துவிட்டு ஆண்டுக்கணக்கில், சிலர் பத்தாண்டு வரைகூட, காத்திருந்தார்கள். கைமாறிய பழைய வண்டி புதிய வண்டியைவிடக் கூடுதல் விலைக்குப் போன விந்தையும் நடந்தது. லக்னோவில் 1972இல் தொடங்கிய அரசு நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியா, லாம்ப்ரெட்டாவின் இயந்திரங்களை வாங்கி விஜய் சூப்பரைத் தயாரித்தது. 1980களில் கான்பூரின் எல்.எம்.எல். நிறுவனம் பியாஜியோவுடன் சேர்ந்தது.

1984இல் கியரில்லாத கைனடிக் ஹோண்டா வந்தபோதே மாற்றம் தொடங்கிவிட்டது. 2001இல் வந்த ஆக்டிவா அதை முடித்துவைத்தது. 2009இல் பஜாஜ், ஸ்கூட்டர் தயாரிப்பிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. ஆகவே இன்று சந்தையில் கிடைக்கும் சேத்தக் ஏறத்தாழ இருபது ஆண்டாவது பழையது. பெரும்பாலானவை முப்பதைத் தாண்டியவை.

பழுதுபார்க்கும் எளிமை

இவ்வகை வண்டியின் முதன்மையான நன்மை, அதை வீட்டு வாசலில் வைத்தே பழுதுபார்க்கலாம் என்பது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு, கேம் போன்றவை கிடையாது. வெஸ்பா வகையில் கிராங்கின் பக்கத்தகடே சுழன்று பெட்ரோல் கலவையை உள்ளே விடும் கதவாகவும் வேலை செய்கிறது. அசையும் உறுப்புகள் குறைவு என்பதால் கெட்டுப்போகக்கூடியவையும் குறைவு. ஸ்பேனர் சில, ஒரு ஸ்க்ரூ டிரைவர், பிளக் கழற்றும் குழல் ஆகியவை இருந்தால் பிளக்கைத் துடைக்கலாம், கார்பரேட்டர் ஜெட்டை ஊதலாம், கிளட்ச் கேபிளை மாற்றலாம். தன் வண்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு பள்ளி மாணவரும் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும். கணினிக் கருவியைச் சொருகினால்தான் கோளாறு தெரியும் என்ற நிலையில் இருக்கும் இன்றைய வண்டிகளில் இந்த வாய்ப்பு இல்லை.

உதிரிபாகங்களும் இன்னும் கிடைக்கின்றன. நாடெங்கும் பெரும் எண்ணிக்கையில் ஓடிய வண்டி என்பதால் பிஸ்டன், கிளட்ச் பிளேட், கேபிள், ஆயில் சீல், பிரேக் ஷூ ஆகியவற்றைத் தயாரிப்போர் இன்றும் இருக்கிறார்கள். சென்னையில் புதிய பாகங்களுக்கு ஜி.பி. ரோடும் பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் இருக்கின்றன. விஜய் சூப்பருக்கு இந்த வசதி குறைவு. அதன் பாகங்களைத் தேடி அலையவேண்டியிருக்கும். இத்தாலியில் தயாரான பழைய வெஸ்பாவுக்குப் பல பாகங்கள் சேத்தக்கிலிருந்தே பொருந்தும் என்பதால், வெளிநாட்டு ஆர்வலர்களும் இந்தியப் பாகங்களை வரவழைக்கிறார்கள்.

ஸ்டெப்னி மற்றொரு வசதி. முன்பின் சக்கரங்கள் ஒரே அளவு. பஞ்சரானால் நட்டுகளைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டிவிட்டுப் போகலாம். பின்சக்கரம் ஒரே பக்கத்தில் பிணைக்கப்பட்டிருப்பதாலும் சங்கிலி இல்லாததாலும் இது பத்து நிமிட வேலை. இரவில், பஞ்சர் கடை இல்லாத சாலையில் நின்றவருக்கு இதன் அருமை தெரியும்.

இவற்றோடு, தட்டையான தளத்தில் அரிசி மூட்டையோ கேஸ் சிலிண்டரோ வைக்கலாம். மழைச்சேற்றை முன்தகடு தடுக்கும். அப்பாவுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு பிள்ளை நின்றுகொள்ள, பின்னால் அம்மா ஒருபக்கமாக அமர்ந்து போன வண்டி பல குடும்பங்களின் ஆல்பத்தில் இருக்கும். அந்த நினைவுக்காகவே வாங்குவோரும் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் நினைவில் உள்ள வண்டிக்கு அன்று வயது ஐந்து, இன்று வாங்கப்போகும் வண்டிக்கு முப்பது என்பதை மட்டும் கணக்கில் வைக்கவேண்டும்.

எண்ணெயும் புகையும்

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனியாக மசகு எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் 2டி ஆயில்தான் பிஸ்டனையும் கிராங்கையும் காக்கிறது. பொதுவான அளவு லிட்டருக்கு 20 மில்லி. கியர்பெட்டிக்கு மட்டும் தனி எண்ணெய் உண்டு. முன்பு பெட்ரோல் பங்குகளிலேயே ஆயில் கலந்து தரும் இயந்திரம் இருந்தது. இப்போது பாட்டிலை நாமே வைத்திருக்கவேண்டும். ஒருமுறை மறந்தால் போதும். சில கிலோமீட்டருக்குள் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிக்கொள்ளும். மெக்கானிக்குகள் ‘சீஸ் ஆகிவிட்டது’ என்பார்கள். அதன்பிறகு சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட்டு, ‘ரீபோர்’ செய்யவேண்டும். ஓடும்போதே பின்சக்கரம் நின்றுவிட்டால் ஆளும் விழ நேரும். எஞ்சின் சத்தம் இறுகுவதை உணர்ந்தவுடன் கிளட்சைப் பிடித்துவிடுவது இவ்வண்டி ஓட்டுநர்களின் பழைய பாடம்.

மலைச்சாலையில் இதன் இன்னொரு முகம் தெரியும். ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ ஆக்சிலேட்டரை முழுதும் மூடியபடி நெடுநேரம் இறங்கினால், பெட்ரோலோடு வரவேண்டிய எண்ணெயும் எஞ்சினுக்கு வராது. சக்கரம் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், மசகோ குறைவு. அதனால் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரைச் சற்றுத் திருகிவிடவேண்டும். போதாக்குறைக்கு, நான்கு ஸ்ட்ரோக் வண்டியைப் போல இந்த எஞ்சின் இறக்கத்தில் வேகத்தைப் பிடித்து நிறுத்தாது. பாரம் முழுவதும் பிரேக் மீது விழும்.

இதே அமைப்பினால் உள்ளே வரும் புதிய கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது. எண்ணெயும் சேர்ந்து எரிகிறது. நீலப்புகைக்கும், கூடுதல் ஹைட்ரோகார்பன் மாசுக்கும், அளவுக்கேற்ற மைலேஜ் இல்லாததற்கும் காரணம் இதுதான். கரி படிந்து சைலன்சர் அடைத்துக்கொள்ளும். இடைவெளிவிட்டுச் சுரண்டி எடுக்கவேண்டும். எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும், இந்த வண்டி தன் பின்னால் வருபவருக்குச் சுத்தமான காற்றைத் தராது. தினமும் 30 கிலோமீட்டர் நகருக்குள் போய்வர இதை வைத்துக்கொள்வது பொருத்தமில்லை என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

அண்மைக்காலச் சிக்கல் எத்தனால். பங்குகளில் இப்போது பரவலாகக் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறையும். அது சிறிய விஷயம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் தொட்டியின் அடியில் நீர் பிரிந்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். பழைய ரப்பர்க் குழாய்கள் உப்பி வெடிக்கும். மேலும், மாறாத ஜெட் கொண்ட கார்பரேட்டரில் இந்தப் பெட்ரோல் கலவையை மெலிதாக்குவதால் எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். சீஸ் ஆகும் அபாயம் கூடும். எத்தனாலைத் தாங்கும் குழாய் மாற்றுவது, நெடுநாள் நிறுத்தும்போது தொட்டியைக் காலிசெய்வது, தேவையானால் ஒரு அளவு பெரிய ஜெட் போடுவது ஆகியவை இப்போது பராமரிப்பின் பகுதியாகிவிட்டன.

பிரேக்கும் சிறிய சக்கரமும்

குறைகளில் முதலிடம் தரவேண்டியது பாதுகாப்புக்குத்தான். சேத்தக்கின் சக்கரம் 10 அங்குலம். அதற்கு முந்தைய பஜாஜ் 150 வண்டியுடையது 8 அங்குலம்தான். பெரிய சக்கரம் உருண்டு கடக்கும் பள்ளத்தில் சிறிய சக்கரம் இறங்கிவிடும். எஞ்சின் வலப்பக்கம் இருப்பதால் எடை நடுவில் இல்லை; மணலிலும் ஈரச்சாலையிலும் வண்டி தன் விருப்பத்துக்கு இழுக்கும். இரண்டும் டிரம் பிரேக். முன்பிரேக்கைப் பிடித்தால் முன்புறம் அமுங்குமே தவிர வண்டி உடனே நிற்காது. பேட்டரி இல்லாத மாடல்களில் விளக்குக்கான மின்சாரம் எஞ்சின் சுழற்சியிலிருந்து நேரே வருவதால், சிக்னலில் நிற்கும்போது விளக்கும் மங்கிவிடும்.

பலர் சொல்லாமல் விடும் ஆபத்து ஒன்று உண்டு. கியரில்லாத ஸ்கூட்டரில் இடக்கை லீவர் பின்பிரேக். சேத்தக்கில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். பின்பிரேக் வலக்காலின் கீழே உள்ள மிதி. ஆக்டிவாவில் பழகிய ஒருவர் முன்னால் மாடு குறுக்கே வந்தவுடன் பழக்கத்தில் இடக்கை லீவரை இறுக்கிப் பிடிப்பார். வண்டி நிற்காது, எஞ்சின் பிடியிலிருந்து விடுபட்டு உருளும். வீட்டில் இரண்டு வகை வண்டியும் இருந்தால், இளையவர்கள் மாறிமாறி ஓட்டும் முன் காலியான இடத்தில் சில நாள் பழகுவது அவசியம்.

துருவும் பட்டியும்

தகடே சட்டகம் என்பதைத் தொடக்கத்தில் பார்த்தோம். மோட்டார் சைக்கிளில் ஒரு மூடி துருப்பிடித்தால் மூடியை மாற்றலாம். வெஸ்பா வகையில் கால்வைக்கும் தளம் துருப்பிடித்தால் துருப்பிடிப்பது வண்டியின் முதுகெலும்பு. ரப்பர் விரிப்பின் அடியில் மழைநீர் தேங்கி, ஆண்டுக்கணக்கில் யாரும் பார்க்காமல் அரித்திருக்கும். கடலோர ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். விபத்தில் உடல் முறுக்கிக்கொண்டால் நேர்படுத்துவதும் கடினம். வண்டி எப்போதும் ஒருபக்கம் இழுத்துக்கொண்டே ஓடும்.

விற்பவர்கள் இதை மறைக்கும் வழி, ஓட்டையைப் பட்டி பூசி அடைத்து, மேலே பளபளப்பான பெயின்ட் அடிப்பது. புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியைவிட, நிறம் மங்கி, ஒரிஜினல் பெயின்டோடு இருக்கும் வண்டி நம்பத்தக்கது. அதில் உள்ளதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். நல்ல டிங்கரிங், பெயின்ட், எஞ்சின் வேலை மூன்றும் சேரும்போது செலவு பலசமயம் வண்டியின் விலையைத் தாண்டிவிடுகிறது. விற்கும்போது அந்தப் பணம் முழுதாகத் திரும்பாது என்ற எண்ணத்தோடு இறங்குவதே சரி.

ஆவணங்கள்

தனியார் இருசக்கர வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கவேண்டும். தமிழ்நாட்டில் இதோடு பசுமை வரியும் உண்டு. காப்பீடு, புகைச் சான்று ஆகியவையும் நடப்பில் இருக்கவேண்டும். பல பழைய வண்டிகள் நின்றுபோனது எஞ்சின் கெட்டதால் அல்ல, இந்தத் தாள்கள் அறுந்துபோனதால். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயர் இறந்துபோன ஒருவருடையதாக இருக்கும். அல்லது எப்போதோ மூடப்பட்ட ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பதிவு நீக்கப்படாமல் இருக்கும். இவற்றைத் தீர்க்க ஆகும் அலைச்சல் ரீபோர் செலவைவிடப் பெரிது. எண்கள் பொருந்தாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக்கூடாது.

50 ஆண்டு நிறைந்து, பெரிய மாற்றம் செய்யாமல் காக்கப்பட்ட வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவுசெய்ய 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. அதற்கெனத் தனி எண்வரிசை உண்டு. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்குச் சாலையில் ஓட்டக்கூடாது. காட்சிக்கு வைப்போருக்கான ஏற்பாடு அது. கடைக்குப் போய்வர விரும்புவோர் வழக்கமான புதுப்பித்தலையே நாடவேண்டும்.

பழைய தோற்றம், புதிய உள்ளுறுப்பு

2012இல் பியாஜியோ, மகாராஷ்டிரத்தின் பாராமதி தொழிற்சாலையிலிருந்து வெஸ்பாவை மீண்டும் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரும்புத் தகட்டு உடலும் ஒருபக்க முன்தண்டும் அப்படியே இருந்தன. எஞ்சின் நான்கு ஸ்ட்ரோக், கியர் இல்லை. பட்டனை அழுத்தினால் கிளம்பும். எண்ணெய் கலக்க வேண்டாம், உத்தரவாதம் உண்டு. ஆனால் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். அதே திறனுள்ள மற்ற ஸ்கூட்டர்களைவிட அதிகம். சிறு ஊர்களில் சர்வீஸ் நிலையம் இல்லை. இரும்பு உடலில் விழும் நசுங்கலைத் தட்டி எடுக்கலாம் என்பது பிளாஸ்டிக் உடலுக்கு இல்லாத வசதி. சேத்தக் பெயர் 2020இல் மின்சார ஸ்கூட்டராகத் திரும்பியது. உடல் இரும்பு, புகை இல்லை. பழைய சேத்தக்கோடு அதற்கு உள்ள உறவு பெயரும் சாயலும் மட்டுமே. தோற்றம்தான் வேண்டும், தினமும் ஓட்டவும் வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் புதிய வகையே தகும்.

வாங்கும் முன் பார்க்கவேண்டியவை

பழையதையே வாங்கத் தீர்மானித்தவர்கள் ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போகலாம். தளத்திலும் சக்கர வளைவுகளிலும் அதை வைத்துப் பார்த்தால், இரும்பு உள்ள இடத்தில் ஒட்டும், பட்டி தடித்த இடத்தில் நழுவும். ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லவேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டினால் தண்டின் பேரிங் ஆட்டம் தெரியும்.

எஞ்சினில் முக்கியமாகக் கவனிக்கவேண்டியவை கிராங்கின் இருபுறமும் உள்ள ஆயில் சீல்கள். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர்பெட்டி எண்ணெய் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு, சூடான பின்னும் புகை அடங்காமல் மண்டும். எதிர்ப்பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, ஆக்சிலேட்டரை மூடினாலும் எஞ்சின் வேகம் இறங்காது. பாகத்தின் விலை சொற்பம். ஆனால் கிளட்ச் பக்கத்துச் சீலை மாற்றுவதற்கு எஞ்சினையே இரண்டாகப் பிளக்கவேண்டும்.

நாம் போய்ச்சேரும் வரை வண்டியைக் கிளப்பவேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. போனதும் எஞ்சின் மீது கையை வைத்துப் பார்க்கலாம். அது சில்லென்று இருந்து, சோக் இழுத்து இரண்டு மூன்று உதையில், வண்டியைச் சாய்த்துப் பிடிக்காமலே கிளம்பினால் மேற்கொண்டு விலை பேசலாம்.